கிரேன் விட்ட மூச்சு

"அப்பா, மூட்டையைத் தூக்கும்போது மட்டும் நீ ஏன் செத்துப் போயிடுற?"

இதைக் கேட்டபோது மகளுக்கு ஐந்து வயது. அன்று பள்ளிக்கூடம் விடுமுறை. அம்மாவுக்குச் சலவை நிலையத்தில் வேலை. வேறு வழியில்லாமல் அப்பா அவளைக் கிடங்குக்குக் கூட்டி வந்து காலிச் சாக்குகளின் மேல் உட்கார வைத்திருந்தார். அவளும் காலையிலிருந்து வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா குனிவார். சிமெண்ட் மூட்டையை இரண்டு கையாலும் அணைப்பார். அந்த நொடியில் அவருடைய மூக்கு, வாய், மார்பு எல்லாமே அசைவற்றுப் போகும். முகம் சிவந்து, பிறகு கறுக்கும். கழுத்து நரம்பு விரல் மொத்தத்துக்குப் புடைக்கும். மூட்டையை லாரியில் போட்ட பிறகுதான் 'ஹா' என்று உயிர் திரும்பும். குழந்தையின் கண்ணுக்கு அது சாவும் பிழைப்புமாகத்தானே தெரியும்?

கிடங்கே சிரித்தது. "உங்கப்பா ஒரு நாளைக்கு முந்நூறு தடவை செத்துப் பிழைக்கிற ஆளும்மா. எமனே வந்து வந்து அலுத்துப் போய்த் திரும்பிட்டான்" என்றார் கூட வேலை பார்த்தவர் ஒருவர். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். குழந்தை ஏதோ உளறுகிறது என்றுதான் நினைத்தார்.

அந்தக் கிடங்கில் அவருக்குக் 'கிரேன்' என்று பெயர். சம்பளச் சீட்டைத் தவிர வேறு எங்கும் யாரும் அவருடைய சொந்தப் பெயரைப் பயன்படுத்தியதில்லை. இரண்டு ஆள் தூக்குவதை ஒற்றை ஆளாகத் தூக்குவார். தூக்கும்போது முக்க மாட்டார், முனக மாட்டார். அதுதான் அங்கே கௌரவம். சத்தம் போட்டுத் தூக்குகிறவனைப் பார்த்து, 'என்னப்பா, மூட்டையைத் தூக்குறியா, பிரசவம் பார்க்கிறியா?' என்று கேட்பார்கள். 'வாயைத் திறந்தால் பலம் வெளியே ஓடிவிடும்' என்பது அவர்களுடைய வேதம். புதிதாக வேலைக்கு வருகிறவனின் உதடுகளுக்கு நடுவே ஒரு தீக்குச்சியை வைப்பார்கள். மூட்டையை லாரியில் சேர்க்கும்வரை குச்சி கீழே விழக்கூடாது. விழுந்தால் அன்றைக்கு எல்லோருக்கும் அவன் செலவில் டீ. கிரேனின் உதட்டிலிருந்து முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு குச்சிகூட விழுந்ததில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு வருடமே பக்கவாதம் வந்து அவரைப் படுக்கையில் தள்ளியது. வலது கையும் வலது காலும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பேச்சும் போய்விட்டது. மனதுக்குள் எல்லாச் சொற்களும் வரிசையாக நின்றன. வாசலுக்கு வந்ததும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, 'க... க...' என்று ஏதோ ஒன்று மட்டும் வெளியே விழுந்தது. அதைக் கேட்கவே அவருக்கு வெட்கமாக இருந்தது. ஒரு மாதத்தில் பேச முயல்வதையே விட்டுவிட்டார்.

மருத்துவமனையிலிருந்து வந்த முதல் நாள், கட்டிலிலிருந்து அவரைச் சக்கர நாற்காலிக்கு மாற்ற மனைவி பட்ட பாடு கொஞ்சமில்லை. அவள் மெலிந்த உடம்புக்காரி. நாள் முழுக்க விரிப்புகளை மடித்தும் இஸ்திரி போட்டும் காய்த்துப் போன கைகள்தான்; ஆனால் எண்பது கிலோ மனுஷனைத் தூக்கிப் பழகிய கைகள் அல்ல. "வாங்க, எழுந்திருங்க, இதோ, இன்னும் கொஞ்சம், ஐயோ பிடிச்சுக்கோங்க" என்று பேசிக்கொண்டே இழுத்தாள். கிரேனுக்குப் பொறுக்கவில்லை. தொழில் தெரியாத ஆளிடம் மாட்டிக்கொண்ட சரக்குப் போலத் தன்னை உணர்ந்தார். இடது கையை உயர்த்தி, அவள் உதடுகளின் மேல் விரலை வைத்து அழுத்தினார். பிறகு தன் நெஞ்சை நிமிர்த்தி, மூச்சை இழுத்து அடக்கி, கன்னம் உப்பக் காட்டினார். இப்படித் தூக்கு என்று அர்த்தம்.

அவள் புரிந்துகொண்டாள். அவர் சொன்னால் அதில் விஷயம் இருக்கும் என்று நம்பினாள். அன்றிலிருந்து நான்கு மாதமாக, ஒரு நாளைக்கு ஆறு தடவை, வாயைப் பூட்டிக்கொண்டு அவரைத் தூக்கினாள்.

தூக்கும்போது அவர் முகம் அவள் தோளில் சாய்ந்திருக்கும். காது அவள் கழுத்தோடு ஒட்டியிருக்கும். அங்கே என்ன நடக்கிறது என்று அவருக்கு மட்டும்தான் கேட்டது. மூச்சு நின்றுபோகும். நெஞ்சு கதவைத் தட்டுவது போல் அடித்துக்கொள்ளும். அவரை உட்கார வைத்த பிறகு அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பாள். "என்னமோ கண்ணைக் கட்டுது. காலையில சரியா சாப்பிடல, அதான்" என்பாள். முதல் தடவை அவர் நம்பினார். இரண்டாம் தடவை பாதி நம்பினார். மூன்றாம் தடவை நம்புவதற்கு ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. ஆனாலும், முப்பத்திரண்டு வருடம் சோறு போட்ட வித்தை தப்பாக இருக்கும் என்று எந்த மனுஷனுக்குத்தான் சட்டென்று தோன்றும்?

ஒரு வெள்ளிக்கிழமை, பாதி தூக்கிய நிலையிலேயே அவள் கைகள் தளர்ந்தன. கிரேன் கட்டில் விளிம்பிலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். அவள் நழுவித் தரையில் சாய்ந்தாள். பத்து நொடி இருக்கலாம். கூப்பிடவும் வாய் இல்லாமல், குனியவும் உடம்பு இல்லாமல், கிரேன் இடது கையால் கட்டிலை அடித்துக்கொண்டே இருந்தார். பத்து நொடிக்குப் பிறகு அவள் கண்ணைத் திறந்து, "நீங்க விழலையே?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி அவரைக் கொன்றது.

மறுநாள் மகள் வந்தாள். வேறு ஊரில் கணவன், பிள்ளை, வேலை என்று இருப்பவள். மாதம் ஒரு தடவைதான் வர முடியும். விழுந்ததில் வீங்கிப் போயிருந்த அம்மாவின் மணிக்கட்டைப் பார்த்ததும் விஷயத்தைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்து அறையில் நடந்த பேச்சு முழுவதும் கிரேனின் காதில் விழுந்தது. தன் ஊரில் ஒரு கவனிப்பு இல்லம் இருக்கிறது, தூக்கி உட்கார வைக்க இரண்டு ஆள் எப்போதும் இருப்பார்கள், அப்பாவை அங்கே சேர்த்துவிடலாம் என்றாள் மகள். அம்மா முடியாது என்றாள். முப்பது வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தவரை அந்நியர் கையில் கொடுத்துவிட்டுத் தான் இங்கே என்ன பண்ணுவது என்று கேட்டாள்.

"அம்மா, அவர் மேல எனக்கு மட்டும் பாசம் இல்லையா? நீ விழுந்தா உங்க ரெண்டு பேரையும் யார் தூக்குறது? அதைச் சொல்லு."

"கால் வழுக்கிடுச்சுடி. தரை ஈரமா இருந்தது. அவ்வளவுதான்."

தரை ஈரமாக இல்லை. கிரேனுக்குத் தெரியும். மூச்சை அடக்கச் சொன்னது யார் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மகளின் கோபம் சரியான இடத்துக்குத் திரும்பியிருக்கும். அவள் சொல்லவில்லை. அவருடைய தப்பை எடுத்துத் தன் காலில் போட்டுக்கொண்டாள். கடைசியில் மகள் ஒரு கெடு வைத்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவேன், என் கண் முன்னால் தடுமாறாமல் தூக்கிக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் திங்கட்கிழமையே இல்லத்தில் சேர்ப்போம் என்றாள். போகும்போது அப்பாவின் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டுத்தான் போனாள். அவளும் நல்லவள்தான். பயந்து போயிருந்தாள், அவ்வளவுதான்.

புதன்கிழமை பிசியோ வந்தாள். வாரம் ஒரு முறை வந்து, கிரேனின் கை கால்களை மடக்கி நீட்டி, குறிப்பேட்டில் எதையோ எழுதிவிட்டுப் போகும் முப்பது வயதுப் பெண். நடந்ததைக் கேட்டுவிட்டு, "சரிம்மா, எப்பவும் தூக்குற மாதிரி இப்ப ஒரு தடவை தூக்குங்க" என்றாள். நாற்காலி இடது பக்கம் நிற்கிறதா, பிரேக் போட்டாயிற்றா, அவருடைய வலது முழங்காலை மனைவியின் முழங்கால் தாங்குகிறதா, தூக்குவதற்காக அவர் இடுப்பில் கட்டிய பட்டையைப் பிடிக்கும் கை சரியா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் சரி. பிறகு மனைவியின் முதுகில் உள்ளங்கையை வைத்தாள். மனைவி தூக்கினாள். உள்ளங்கைக்குக் கீழே ஒன்றும் அசையவில்லை.

"மூச்சை எங்கம்மா ஒளிச்சு வச்சிருக்கீங்க? யார் இப்படிச் சொல்லிக் கொடுத்தது?"

"யாரும் இல்ல. பழக்கம்தான்" என்றாள் மனைவி, அவர் பக்கம் திரும்பாமலே.

கிரேன் இடது கையை உயர்த்தினார். சுட்டுவிரலைத் தன் நெஞ்சில் வைத்தார். ஒரு தடவை வைத்தது போதாது என்று மறுபடியும் வைத்தார்.

பிசியோ அவரைத் திட்டவில்லை. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னாள். மூச்சை அடக்கிக்கொண்டு முக்கினால் நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறுகிறது. இரத்த அழுத்தம் எகிறுகிறது. பிறகு சடாரென்று இறங்கும்போது தலைக்குப் போகும் இரத்தம் குறைந்து கண்ணைக் கட்டுகிறது. பாரம் மேலே ஏறும்போது மூச்சு வெளியே போக வேண்டும். பாரம் கீழே இறங்கும்போது உள்ளே வர வேண்டும். அவ்வளவுதான் வித்தை. வாலிபத்தில் உடம்பு தாங்கிவிடும், ஐயா; அதற்காக அது சரி என்று ஆகிவிடாது.

கிரேன் தலையைக் குனிந்துகொண்டார். கடவுள் மூச்சை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்ளக் கொடுக்கவில்லை. வாங்கித் திருப்பித் தரத்தான் கொடுத்திருக்கிறார். இந்தச் சின்ன விஷயம் அறுபத்தொரு வயதில்தான் அவருக்குப் புரிய வேண்டியிருந்தது.

ஆனால் புரிவது வேறு, வருவது வேறு. மனைவி முயன்று பார்த்தாள். ஊதச் சொன்னால், தூக்குவதற்கு முன்பே விளக்கை அணைப்பது போல் ஊதித் தீர்த்துவிட்டு, பிறகு வாயைப் பூட்டிக்கொண்டு தூக்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொன்னால், 'ஒண்ணு', 'ரெண்டு' எல்லாம் ஒழுங்காக வந்தது. 'மூணு'க்கு உதடுகள் ஒட்டிக்கொண்டன. நான்கு மாதம் அவர் பேச்சைத் தட்டாமல் பழகிய உடம்பு. பிசியோ நேரமாகிவிட்டதென்று எழுந்தாள். பழகப் பழக வந்துவிடும் என்றாள். அவளுக்குத் தெரியாது, இருப்பது மூன்றே நாள் என்று. மனைவி அதை அவளிடம் சொல்லவில்லை. இன்னொருவர் தலையில் எதற்குப் பாரம் என்று விட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை காலை. இடுப்புப் பட்டையைப் பிடித்து அவள் அவரை அணைத்துக்கொண்டாள். கிரேனின் காது வழக்கம் போல அவள் கழுத்தில் பதிந்தது. உள்ளே மூச்சு இழுபட்டது. நின்றது. நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமையும் இதே சத்தம்தான் கேட்டது என்று அவருக்கு ஞாபகம் வந்தது. விடு, மூச்சை விடு என்று சொல்ல வேண்டும். சொற்கள் வாசலில் வந்து முட்டிக்கொண்டன. ஒன்றுகூட வெளியே வரவில்லை. பயத்தில் அவர் வாயைத் திறந்தார். எந்தச் சொல்லையும் அவர் தேடவில்லை. நாக்கு தானாகப் போய், தனக்கு மிக நன்றாகத் தெரிந்த இடத்தைத் தொட்டது.

"ஏலேலோ..."

முழுதாக வந்தது. முட்டாமல், உடையாமல், கிடங்கின் மறுகோடி வரை கேட்ட பழைய குரலின் கால்வாசியாவது அதில் இருந்தது.

மனைவி திடுக்கிட்டாள். பிறகு சிரித்துவிட்டாள். அடக்கி வைத்த மூச்செல்லாம் அந்தச் சிரிப்போடு குபுக்கென்று வெளியேறியது. அதே கணத்தில் கிரேன் கட்டிலைவிட்டு எழுந்து, திரும்பி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எப்படி உட்கார்ந்தோம் என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. அவள் சுவரைப் பிடிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டு, சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாத ஒன்றை வெகுநேரம் செய்தாள்.

"நாலு மாசமா ஒரு மடக்குத் தண்ணி கேட்க வாயில்ல. வந்ததும் வேலையாள் மாதிரி என்னை வேலை வாங்குறீங்களா?"

கிரேனும் சிரித்தார். இதழோரம் ஒரு பக்கம் மட்டும் ஏறிய சிரிப்பு.

அன்று மத்தியானம்வரை அவர் அதையே யோசித்தார். ஒற்றை மூட்டைக்குத்தான் உதட்டில் தீக்குச்சி. இரும்புப் பெட்டகம், பெரிய மோட்டார் என்று ஆறு பேர் சேர்ந்து நகர்த்தும் சரக்கு வந்தால், அங்கே வாயை மூடிக்கொண்டு நின்றதே கிடையாது. கிரேன்தான் முன்னால் நின்று 'ஏலேலோ' என்பார். மற்ற ஐந்து பேரும் 'ஐலசா' என்று ஒரே மூச்சாக விட்டுக்கொண்டே தள்ளுவார்கள். அது கூட்டு வேலைக்கான தாளம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மூச்சு என்று யாரும் நினைக்கவில்லை. சேர்ந்து தூக்கியபோதெல்லாம் சரியாகத்தான் தூக்கியிருக்கிறோம். தனியாகத் தூக்கி, தனியாகப் பேர் வாங்கியபோதுதான் தப்புப் பண்ணியிருக்கிறோம் என்று அவருக்குத் தோன்றியது. யோசித்துப் பார்த்தால் மூட்டைக்கு மட்டுமா இது பொருந்துகிறது?

மனைவிக்கும் அந்தக் குரல் புதிதில்லை. கல்யாணமான புதிதில் மதியச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போய், வாசலில் நின்று கேட்டவள்தான். மத்தியானம் அவர் 'ஏலேலோ' என்றதும், அவள் வெட்கப்பட்டுக்கொண்டே, "ஐலசா" என்று இழுத்தாள். இழுக்க இழுக்க மூச்சு வெளியே போனது. அவர் மேலே வந்தார். வாயைத் திறக்காமல் 'ஐலசா' சொல்ல யாராலும் முடியாது. அதுதான் அதன் அழகு. பிசியோவின் ஒன்று, இரண்டு, மூன்று செய்ய முடியாததை அந்த ஒரு சொல் செய்தது. அவரை இறக்கும்போது அவள் மெதுவாக மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டாள். வெள்ளி, சனி இரண்டு நாளும் சேர்த்துப் பன்னிரண்டு தடவை. ஒரு தடவைகூடக் கண்ணைக் கட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்து, கையைக் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றாள். முகத்தில் ஒரு முடிவு இருந்தது. கைப்பையில் இல்லத்தின் விண்ணப்பத் தாளும் இருந்தது. கிரேனின் இடது உள்ளங்கை வேர்த்துவிட்டது. முப்பத்திரண்டு வருடத்தில் எந்த முதலாளியின் முன்னாலும் அது அப்படி வேர்த்ததில்லை. எங்கே இப்போது பார்த்து நாக்கு காலை வாரிவிடுமோ என்று பயம். மனைவி பட்டையைப் பிடித்தாள். அவர் காதருகே, "நீங்க குரல் கொடுங்க, நான் பார்த்துக்கறேன்" என்றாள்.

"ஏலேலோ..."

"ஐலசா."

எழுந்து, திரும்பி, உட்கார்ந்தாயிற்று. மகள் கட்டிய கையை அவிழ்க்க மறந்து நின்றாள். அப்பாவின் குரலை அவள் கேட்டே நான்கு மாதமாகியிருந்தது. பிறகு நேராக வந்து, அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். இன்னொரு தடவை தூக்கச் சொன்னாள். பிறகு இன்னொரு தடவை. மூன்றாவது தடவை முடிந்ததும், "மாடி வீட்டுக்காரங்க நம்ம வீட்டுக்குள்ள படகு இறக்குறோம்னு நினைச்சுக்கப் போறாங்க" என்றாள். மூன்று மாதம் பார்ப்போம், பிறகு பேசிக்கொள்வோம் என்று சொல்லிவிட்டு, அன்று மாலைவரை அப்பாவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பையிலிருந்த தாளை அவள் வெளியே எடுக்கவே இல்லை.

அவள் போன பிறகும் கிரேனுக்கு மனம் ஆறவில்லை. மகள் ஒத்துக்கொண்டாள், நல்லது. மனைவி இனி மயங்கி விழ மாட்டாள், அதுவும் நல்லது. ஆனால் எண்பது கிலோ எண்பது கிலோதானே. குரல் கொடுப்பதோடு தலைவன் வேலை முடிந்துவிடுகிறதா? தரை ஈரமாக இருந்தது என்று அவள் சொன்ன அந்தப் பொய் அவர் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. அதைப் பற்றி அவள் ஒரு நாளும் பேசப் போவதில்லை. அவராலும் பேச முடியாது. பேச்சு வந்தாலும், இதைப் பேசித் தீர்க்க முடியுமா?

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் அரை நாள் வேலைக்குச் சலவை நிலையத்துக்குக் கிளம்பினாள். கதவு சாத்தப்பட்டது. படிகளில் செருப்புச் சத்தம் இறங்கித் தேய்ந்தது. நாற்காலி சுவரோடு ஒட்டி நிற்கிறதா, பிரேக் விழுந்திருக்கிறதா என்று கிரேன் இரண்டு தடவை பார்த்துக்கொண்டார். இடது கையை நாற்காலியின் கைப்பிடியில் ஊன்றினார். இடது பாதத்தைத் தரையில் அழுத்தினார். மூச்சை உள்ளே இழுத்தார். பிறகு மெல்ல விட்டுக்கொண்டே ஊன்றி எழும்பினார்.

இரண்டு விரற்கடை. அவ்வளவுதான் உயர்ந்தது இடுப்பு. மூச்சை இழுத்துக்கொண்டே இறங்கினார். லாரி லாரியாகச் சிமெண்ட் ஏற்றிய ஆள், தன் உடம்பை இரண்டு விரற்கடை தூக்கியதற்கு வேர்த்து வழிந்தார். சற்றுப் பொறுத்து மறுபடி எழும்பினார். முதல் நாள் ஐந்து தடவை. ஒவ்வொரு தடவையும் மூச்சு அவர் வாயிலிருந்து வெளியே போயிற்று; ஒன்றைக்கூட அடக்கி வைக்கவில்லை. பன்னிரண்டு மணிக்குள் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். ஒரு மணிக்கு அவள் வந்தபோது வழக்கமான கிரேனாகத்தான் இருந்தார்.

மூன்று வாரம் இப்படியே போயிற்று. ஐந்து பத்தாகி, பத்து இருபதாயிற்று. இடுப்பு ஒரு சாண் எழும்பியது. ஒரு நாள் மத்தியானம், 'ஐலசா' சொல்லி அவரைத் தூக்கிய மனைவி பாதியிலேயே பேச்சை ஆரம்பித்தாள்.

"என்னங்க, கையில பஞ்சு மூட்டை மாதிரி வர்றீங்க. ஒழுங்கா சாப்பிடுறதில்லையா? இளைச்சுப் போயிட்டீங்க."

கிரேன் அப்பாவியாகக் கண்ணைச் சிமிட்டினார். அவள் கவலையோடு அவர் தட்டில் இன்னொரு கரண்டிச் சோறு வைத்தாள். அவர் மறுக்கவில்லை. ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

மறுநாள் காலை கதவு சாத்தியதும், அந்தக் கூடுதல் கரண்டிக்காக இன்னும் ஐந்து தடவை எழும்பினார்.